முழங்காலுக்கு ஒரு மெய்விளக்கு

செண்பகவல்லியின் மெய்விளக்கு காலையிலேயே சிவந்துவிட்டது. "கடைசியா ஒரே ஒரு தரம் மடக்குங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லித் தொலைத்தாள். சட்டையில் குத்தியிருந்த பொத்தானளவு விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்குத் தாவியது. கட்டிலில் இருந்த வக்கீல் ஆவுடையப்பன் உடனே காலை நீட்டிக்கொண்டார்.

"பாத்தியளா, பொய்!"

நோயாளியிடம் பேசும் மருத்துவப் பணியாளர் எவரும் மெய்விளக்கு அணிய வேண்டும் என்பது சட்டம். குரல் நடுக்கத்தையும் நாடியையும் படித்து, சொல்வதைச் சொல்பவரே நம்புகிறாரா என்று அது காட்டிக்கொடுக்கும். அந்தச் சட்டத்துக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கியவரே இந்த ஆவுடையப்பன்தான். ஏறி இறங்கியதில்தான் மூட்டு தேய்ந்தது என்று வார்டில் கேலி பேசுவார்கள். இப்போது அவருக்குச் செயற்கை மூட்டு.

சட்டத்தால் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் இயன்முறை மருத்துவர்கள். "கடைசியா ஒண்ணு" என்பது அவர்களுடைய குலப்பொய். அது இல்லாமல் உலகத்தில் எந்த முழங்கால் மடங்கியிருக்கிறது?

ஆனால் செண்பகவல்லி லேசுப்பட்டவள் அல்ல. அந்தப் பாளையங்கோட்டை மருத்துவமனையில் எலும்புப் பிரிவின் உயர்நிலை இயன்முறை மருத்துவர். யாருக்குக் கத்தி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று அவள் தொட்டுப் பார்த்துச் சொன்னால் அறுவை மருத்துவர் மறுபேச்சுப் பேசமாட்டார். அவள் கைபட்ட எந்த மூட்டும் விறைத்துப்போய்த் திரும்ப அறுவை அரங்குக்குப் போனதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்த கர்வமா?

இன்று அதற்குச் சோதனை. ஆவுடையப்பனின் கால் பாதிக்கு மேல் மடங்க மறுத்தது. உள்ளே தழும்பு இறுகிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் செங்கோணத்துக்கு வராவிட்டால் நாளை மயக்கம் கொடுத்துத்தான் மடக்க வேண்டும். அவருடைய இதயம் இருக்கிற இருப்பில் இன்னொரு மயக்கம் ஆபத்து.

"மடங்கும் சார்" என்றாள். பச்சை. "ஆனா வலிக்கும். நல்லாவே வலிக்கும்." அதற்கும் பச்சை.

"உள்ளதைச் சொல்லி உயிரை எடுக்கியளே தாயி! இதுக்கு மேல என்னால முடியாது."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று தன் மெய்விளக்கைக் கழற்றி அவர் சட்டையில் குத்தினாள்.

"இப்பச் சொல்லுங்க. வலிக்கா?"

"வலிக்கு!" பச்சை.

"நம்புதேன் சார். இதுக்கு மேல முடியாதா?"

"முடியாது!"

விளக்கு செக்கச்செவேலென்று சிவந்தது.

"வக்கீலய்யா, மாட்டிக்கிட்டியளே!" என்று பக்கத்துக் கட்டில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆவுடையப்பன் குனிந்து தன் நெஞ்சையே பார்த்தார். எத்தனை பொய்ச்சாட்சிகளைக் கூண்டில் நிறுத்திக் கிழித்த மனிதர்! இப்போது அவரே அந்த இடத்தில் நின்றார்.

"அப்ப… என்னால முடியுமா?"

"உங்க மனசுதான் சொல்லுது சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். அவள் உள்ளங்கைக்குள் மூட்டு முரண்டு பிடித்தது, தயங்கியது, பிறகு வழிவிட்டது. கோணமானி செங்கோணத்தைத் தாண்டியதும், "அடி சக்கை!" என்று வார்டே அதிரக் கத்தினாள். கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை நடந்தபோதுகூட அவள் இவ்வளவு பூரித்ததில்லை.

மறுநாளே கட்டிலுக்கு ஒன்றாக மெய்விளக்கு கேட்டு வாங்கி நோயாளிகள் எல்லோருக்கும் மாட்டினாள். "பயிற்சியெல்லாம் முடிச்சாச்சும்மா." சிவப்பு. "நடக்கப் பயமா, எனக்கா?" சிவப்பு. "வீட்டுக்குப் போனாலும் விடாமச் செய்வேன்." கண்கூசும் சிவப்பு. வைதுகொண்டே பயிற்சி செய்தார்கள், வைதுகொண்டே நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டு மாதத்தில் நோயாளிகள் சங்கம் திரண்டு வந்தது. தலைமை ஆவுடையப்பன். செண்பகவல்லியின் எதிரே உட்கார்ந்து, நீதிமன்றத்துக்குப் போகப்போகும் மனுவை உரக்க வாசித்தார். நோயாளிகளுக்கு மெய்விளக்கு மாட்டுவதைத் தடை செய்ய வேண்டும். பொய் சொல்வது நோயாளியின் அடிப்படை உரிமை.

வாசித்து முடித்து, "என்னம்மா சொல்லுதிய?" என்றார்.

அவள் காதில் ஒரு சொல்லும் விழுந்திருக்கவில்லை. வக்கீல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் மடக்கிய கால்தான் மேலே இருந்தது.