ஓட்டை போட்ட செருப்பு

சமையலறையில் யாரோ அவளுடைய நடையை நடந்துகொண்டிருந்தார்கள்.

இருபது வருடம் நின்றே பாடம் நடத்தியதில், டீச்சரின் வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்துவிட்டது. விரலடியின் ஓரத்தில் எலும்பு கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருந்தது. புடைப்புக்கு இடம் விட்டுச் செருப்பைப் பிளேடால் வெட்டி ஓட்டை போட்டுத்தான் நடந்தாள். ஒரு காலை முழுதாக ஊன்றி, மறுகாலை ஓரமாக இழுத்து. டப், சர்ர். டப், சர்ர்.

"நீ தெருமுனையில திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிரும்" என்று கணவர் கேலி செய்வார். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் அழுகையாக வரும்.

முந்தாநாள்தான் எலும்பைச் செதுக்கி, விரலை நிமிர்த்தி, கம்பி செருகிக் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, ஊன்றினால் மறுபடியும் கோணிவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே அந்தச் செருப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டுத் தலைமுழுகிவிட்டாள்.

சாயங்கால வெளிச்சம் மெல்ல மெல்ல ஜன்னலைவிட்டு இறங்க, படுத்திருந்தவளின் கால்கட்டிலிருந்து மருந்து நெடி எழுந்து அறை முழுக்கப் பரவ, சமையலறைக் குழாய் திறந்து மூடும் சத்தமும் அதன் பின்னால் அந்த நடையும் கேட்டன. பக்கத்து வீடாக இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். நடை கூடத்துக்கு வந்தது.

வாசல் கதவு திறந்தது. மருந்து வாங்கப் போன கணவர். அப்பாடா என்றிருந்தது.

"லைட்டுகூடப் போடாம இங்க என்ன பண்ற? டாக்டர் அவ்வளவு சொன்னாரே."

கூடத்திலிருந்துதான் பேசினார். அவளிடம் அல்ல.

"என்னங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் குரல் மறுபடி கேட்டது.

"சரி, என் கையப் புடிச்சுக்கோ. மெதுவா வா."

இரண்டு பேரின் காலடிகள். டப், சர்ர். அருகில். இன்னும் அருகில்.

எழுந்துவிட வேண்டும். ஊன்றினால் கோணிவிடும். பயந்து, அப்படியே கிடந்தாள்.

கதவு திறந்தது. யாரையோ தாங்கியபடி கணவர். கட்டிலைப் பார்த்தார். அதில் அவள். அவர் முகத்துச் சிரிப்பு அப்படியே உறைந்தது. கையை உதறினார். பிடி விடவில்லை.

அவர் தோளுக்குப் பின்னால் இருட்டு. அதிலிருந்து ஒரு கால் நிலைப்படியைத் தாண்டி உள்ளே ஊன்றியது. வெட்டிய செருப்பு. ஓட்டைக்கு வெளியே புடைத்த எலும்பு. தோல் இல்லாமல். ஈரமாக. வெள்ளையாக.