காலி நாற்காலிக்கு இருபத்து மூன்று

சண்முகப்பிரியாவுக்குப் பதினொன்று வந்திருந்தது. அவளை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அளந்தார்கள். நாற்காலிக்கு இருபத்து மூன்று.

"அப்ப நான் நாற்காலிய விடக் கேவலமா?" என்றாள் பிரியா.

பயிற்சியாளர் நசீமா காலையில் எடுத்த பதிவைத் திரையில் தேடினாள். பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் இந்த மறுநடை மருத்துவமனையில் அவளுக்குப் பதினெட்டு வருஷ அனுபவம். இந்த மாதிரிச் செய்தியைச் சொல்வது மட்டும் அவளுக்கு இன்னும் பழகவில்லை.

பக்கவாதத்தில் விழுந்த காலை இயந்திரம் தூக்கி நடக்கவைப்பதெல்லாம் பழைய காலத்து வைத்தியம். கால்கூடு என்ற அந்த இயந்திரத்தை மாட்டிவிட்டால் மரக்கட்டைகூட நடக்கும், கழற்றினால் விழும். கால் தானாக எழும்ப வேண்டுமென்றால் மூளை முனைய வேண்டும், 'இதோ கிளம்பிவிட்டேன்' என்று அதுவாகப் புறப்பட வேண்டும். தலையில் மாட்டும் ஒரு பட்டை அந்தப் புறப்பாட்டைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை அளந்து சொல்லிவிடும். அதன் பெயர் முனைப்புமானி. தினமும் பத்து நிமிடமாவது எண் அறுபதைத் தாண்டினால், செத்த நரம்புக்குப் பக்கத்தில் புது நரம்பு கிளைவிடும். விழுந்த நாளிலிருந்து நாற்பது நாள்தான் அதற்குக் கெடு. அதற்குப் பிறகு காலத்துக்கும் சக்கர நாற்காலிதான்.

எந்த மருந்தையும்விட மனிதர்கள்தான் அந்த எண்ணை ஏற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்தார்களோ இல்லையோ, ஊர் உலகமே தலைகீழாகிவிட்டது. சிலருக்குப் பேத்தி வந்தால் ஏறும், சிலருக்குப் பழைய கூட்டாளி வந்தால் ஏறும். யார் அதிகம் ஏற்றுகிறாரோ அவர்தான் தூண்டுதுணை, அவர் மட்டும்தான் நோயாளியுடன் தங்கலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் "எங்க மாமியாருக்கு நான் எழுபத்திரெண்டாக்கும்" என்று மருமகள்கள் பீற்றிக்கொண்டார்கள். நிச்சயதார்த்தத்தில் மானியை மாட்டிப் பார்த்துவிட்டுச் சம்பந்தத்தையே முறித்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. பாசத்தை அளக்க ஒரு கருவி கிடைத்துவிட்டது என்றே எல்லாரும் நம்பினார்கள். பிரியாவும் நம்பினாள். அதனால்தான் அந்தப் பதினொன்று அவள் நெஞ்சில் அப்படிக் குத்தியது.

கட்டிலில் கிடந்தவர் அவள் கணவர் இசக்கிராஜா. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளில் ஏறி இறங்கி முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நூறு மீட்டர் கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு போனில் "மத்தியானம் என்ன குழம்பு?" என்று கேட்கிற ஆள். இப்போது வலது காலில் சுண்டுவிரல்கூட அசையவில்லை. விழுந்து பதினான்கு நாளாகிவிட்டது.

"கோவப்படாதீங்கம்மா, இந்தப் படத்தப் பாருங்க" என்றாள் நசீமா. காலையில் அறையில் எடுத்த பதிவு அது. இசக்கிராஜாவின் போர்வை விலகிக் கிடந்தது. திரையின் ஓரத்தில் எண் ஏறியது. முப்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. அதற்குள் பிரியா போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். எண் பொசுக்கென்று ஒன்பதில் விழுந்தது.

"பாத்தீங்களா? அவர் மூளை கிளம்பத்தான் செய்யுது. ஆனா அது போய்ச் சேருமுன்ன உங்க கை அங்க நிக்கி. முப்பத்தஞ்சு வருசமா இப்படித்தான? அவர் மூளை உங்க ரெண்டு கையையும் தன் கையாவே எடுத்துக்கிட்டுது. அது ஏம்மா எழும்பப்போவுது?"

"கட்டுன புருசனுக்குப் போர்வைய இழுத்துவிட்டது குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா? ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. நாற்காலிக்குக் கீழ எண் வந்தா அவங்க உள்ள இருக்கக் கூடாது."

அன்றைக்கே பிரியாவின் பாய், தலையணை, ஃபிளாஸ்க் எல்லாம் வெளியே வந்துவிட்டன. மாலையில் ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அவளுக்குப் பதில் யாரைப் பிடிப்பது? ஆஸ்லோவிலிருந்து மகள் வந்து நான்கு நாள் இருந்தாள், முப்பத்து நான்கு. தம்பி மகனுக்கு இருபத்தெட்டு. கடைசியில் 'தூண்டி' என்ற ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டில் முன்னால் நிறுத்தினார்கள். அது பந்து போட்டது, பாட்டுப் பாடியது, கிண்டல் பண்ணியது. முதல் நாள் நாற்பத்தொன்று வரை ஏறியது. மூன்றாம் நாள் இசக்கிராஜா அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

நாள் போய்க்கொண்டே இருந்தது. இருபது, இருபத்திரண்டு. கண்ணாடிக்கு வெளியே பிரியா முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள். உள்ளே அவர் தாடி மழிக்காமல் கிடந்தார். ஓடிப்போய் முகத்தைத் துடைத்துவிட வேண்டும் என்று அவள் கை பரபரத்தது. இந்தப் பாழாய்ப்போன கைதானே எல்லாவற்றுக்கும் காரணம் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இருபத்து நான்காம் நாள் தாழ்வாரத்தில் ஞானதுரை சாரைப் பார்த்தாள். ரிட்டயர்டான தலைமை ஆசிரியர். அவர் மனைவி எஸ்தர் ஷோபா பெண்கள் பிரிவில் இருந்தாள், இடது கை விழுந்துபோய்ப் பத்து நாள்தான் ஆகிறது. ஞானதுரை சார் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

"எம்பத்தெட்டு! நான் வாசல்ல கால வச்சாப் போதும்லா. நாளான்னைக்கு வீட்டுக்குப் போறோம். எல்லாம் கர்த்தர் கிருபை. உங்களுக்கு எவ்வளவும்மா?"

"பதினொண்ணு" என்றாள் பிரியா.

அவர் முகத்தில் தெரிந்த பரிதாபம் இருக்கிறதே, அதற்குப் பதில் அவளை நாலு அறை அறைந்திருக்கலாம். "வாங்க, வந்து பாருங்க. பாத்தா ஒரு பிடி கிடைக்கும்" என்று கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

எஸ்தர் ஷோபா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எண் இருபதில் இருந்தது. ஞானதுரை சார் கதவைத் திறந்தார். நாற்பது. செருப்பைக் கழற்றினார். அறுபது. "ஷோபா, என் கண்ணாடிய எங்க வச்ச?" என்றார். எண்பத்தெட்டு. விழுந்துபோன அந்த இடது கை படுக்கையை விட்டு மேலெழும்பி, நடுங்கி நடுங்கி, மேசைப் பக்கம் நகர்ந்தது. கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

"பாத்தியளா! பாசம்!" என்று பூரித்துப்போனார் மனிதர்.

அவர் காபி வாங்கப் போனதும் பிரியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எப்படி இருக்குக்கா, சார் வரும்போது?"

எஸ்தர் ஷோபா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அத எப்படிச் சொல்ல... அவிய உள்ள வந்தாலே அடுப்புல பால வச்சிட்டு வந்த மாதிரி இருக்கும். எழும்பு, எழும்புன்னு உடம்பு பறக்கும்."

பிரியாவுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அடப்பாவிகளா, இதையா இத்தனை வருஷமாகப் பாசம் என்று சட்டம் போட்டு மாட்டிவைத்தீர்கள்!

நேராக நசீமாவின் மேசைக்குப் போய் நின்றாள். "உங்க மெஷின் பாசத்த அளக்கலம்மா. யாருக்காவ எழும்பணும்னு அந்த உடம்புக்குத் தோணுதோ, அதத்தான் அளக்கு. பொம்பளைங்க எத்தன நாள்ல வீட்டுக்குப் போறாங்க?"

நசீமா பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். பெண்கள் சராசரி பத்தொன்பது நாள். ஆண்கள் முப்பத்தேழு. பெண்களின் நரம்புக்கு இயற்கையிலேயே உரம் அதிகம் என்று பெரிய பெரிய ஆட்கள் கட்டுரை எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரைகளை அவளே பயிற்சி வகுப்புகளில் எத்தனையோ தடவை பாடமாக நடத்தியிருக்கிறாள். நாற்காலியில் அப்படியே சாய்ந்து, "யா அல்லாஹ்" என்றாள்.

"என்ன ஒரே ஒரு தடவ உள்ள விடுங்க" என்றாள் பிரியா. "போர்வையத் தொடமாட்டேன். சத்தியமா."

மறுநாள் காலை வெறுங்கையோடு உள்ளே போனாள். ஃபிளாஸ்க் இல்லை, துண்டு இல்லை. இசக்கிராஜா அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். எண் பதினொன்றுக்கு இறங்கியது.

"வந்துட்டியா பிரியா? இந்தத் தலகாணிய—"

"கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றாள். "எனக்கு இடுப்பு ஒடியுது. நானும் படுக்கணும்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கிறுக்கா ஒனக்கு? கால் வராம கெடக்கேன், தள்ளிப் படுங்கிற? நர்ஸக் கூப்புடு, தூக்கிப் போடுவாங்க."

எண் எட்டு. வாசலில் நின்ற நசீமா உதட்டைப் பிதுக்கினாள். பிரியாவுக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. போட்டுவந்த திட்டமெல்லாம் பறந்துபோய், அடிவயிற்றிலிருந்து நிஜமான கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நர்ஸ் எதுக்கு? நான் ஒங்களத்தான் கேக்கேன். முப்பத்தஞ்சு வருசத்துல ஒருநாள், ஒரே ஒருநாள், இது வேணும்னு ஒங்ககிட்ட கேட்டிருக்கேனா? எனக்கும் ஒரு இடுப்பு இருக்கு, அது வலிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா? பத்து நாளா வெளிய பெஞ்சுல சுருண்டு கெடக்கேன். எனக்குப் படுக்க எடம் வேணும். தருவியளா, மாட்டியளா?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுது பார்த்திருக்கிறார், அலுத்து உட்கார்ந்து பார்த்ததில்லை. எண் பத்தொன்பது ஆயிற்று. முப்பது ஆயிற்று.

"எந்தப் பக்கம் வலிக்கி?" என்று கேட்டார்.

"இடது பக்கம்."

"எப்பருந்து?"

"நம்ம மவ பொறந்ததுலருந்து."

நாற்பத்தேழு. இசக்கிராஜா இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஐம்பத்தைந்து. பிரியாவின் கை தானாக அவர் காலை நோக்கிப் போனது. அதைப் பிடித்து இழுத்து, தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டாள். இந்தப் பிறவியில் அவள் செய்த ஆகக் கடினமான வேலை அதுதான். அவர் வேர்த்துக் கொட்ட முனகியபோது அவளுக்கு உயிரே போனது. அறுபத்து மூன்று. வலது கால் விரிப்பில் உரசிக்கொண்டு ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு இன்னொரு விரற்கடை.

"போதுமாட்டி?" என்று மூச்சு வாங்கினார்.

"ஒடுங்கிப் படுத்துக்கிடுதேன்" என்று அந்த ஒரு சாண் இடத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். வாசலில் நின்ற நசீமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பத்து நிமிடத்தைக் கணக்குப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பிரியா அவரைச் சும்மா விடவில்லை. சன்னலைத் திறக்கச் சொன்னாள், முருங்கைக் கீரை உருவச் சொன்னாள், தன் புடவைக்குக் கொசுவம் பிடிக்கச் சொன்னாள். முதலில் புலம்பினார். அப்புறம் கேட்காமலே "இன்னைக்கு என்னடி வேணும்?" என்றார். நாற்பதாம் நாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தாழ்வாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். அன்றைக்குப் பிரியா அவருக்கு ஏற்றிய எண் எழுபத்து நான்கு.

வீட்டுக்கு அனுப்புமுன் துணைக்கு இருந்தவரையும் அளந்து பதிந்துவைப்பது வழக்கம். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டுமே. பிரியா பட்டையை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். பத்தொன்பது. வெளியே கைத்தடிச் சத்தம் கேட்டது. ஐம்பத்தாறு. கதவு திறந்தது. இசக்கிராஜா இன்னும் வாயைத் திறக்கவில்லை. தொண்ணூற்று ஆறு.

அந்த மருத்துவமனையில் அதுவரை வராத எண் அது. இசக்கிராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "தொண்ணூத்தாறா! ஏ பிரியா, அந்த வாத்தியாரே எம்பத்தெட்டுத்தான! சான்றிதழ் உண்டுல்லா நசீமாம்மா? ஹால்ல மாட்டணும், வாரவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்."

நசீமா பிரியாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் சந்தோஷமாகவே வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் பிரியா இப்போது வாய் மூடி இருக்கிற பிரியா இல்லை.

"ரொம்பச் சந்தோசப்படாதீங்க. நீங்க வந்தா என் ஒடம்பு எழும்பப் பாக்கு, அம்புட்டுதான். ஒங்களுக்கு என்ன வேணுமோ ஏது வேணுமோன்னு. இத்தன வருசத்துல நீங்க வீட்ல இருக்கும்போது நான் ஒருநாளும் முழுசா உக்காந்ததில்லங்க. அதத்தான் அந்த மெஷின் சொல்லுது."

இசக்கிராஜா திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க எண் தொண்ணூற்றேழு ஆயிற்று. பிறகு நசீமா பக்கம் திரும்பினார்.

"இத எப்படிக் கொறைக்கது?"

நசீமாவிடம் கையேடு இருந்தது. எண்ணை ஏற்றுவதற்கு நானூறு பக்கம் பயிற்சி. இறக்குவதற்கு அதில் ஒரு வரி கிடையாது. இதுவரை அவளிடம் யாருமே அப்படிக் கேட்டதில்லை.

"தெரியாது சார்."

"இதுக்குக் கெடு எத்தன நாளு?"

"அதுவும் தெரியாது."

அவர் மூலையில் கிடந்த ஸ்டூலை ஒற்றைக் கையால் இழுத்தார். பிரியா பாதி எழுந்துவிட்டாள். "நீ இரு" என்றார். தத்தித் தத்தி அதை அவளுக்கு எதிரே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வெளியே அவர்களைக் கூட்டிப்போக வந்த வண்டி இரண்டு தடவை ஹாரன் அடித்தது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றேழு தொண்ணூற்று ஆறாக, தொண்ணூற்று ஆறு தொண்ணூற்றைந்தாக முழுசாகக் கால் மணி நேரம் பிடித்தது.

"எறங்குதுட்டி" என்றார் இசக்கிராஜா.