ஆவுடையின் இடது முழங்கால்

அரையிறுதி ஆட்டத்தன்று காலை ஏழு மணிக்கு, மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணியைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்களும் வரிசையில் நின்று மகிழ்ச்சியை ஒப்படைத்தார்கள். பயத்தையும் கோபத்தையும் அதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவதுபோல அது ஒரு வேலை. காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் பதிந்திருந்த கடத்தியின் மேல் ஜாஸ்பின் மேடம் ஒரு கருவியை வைத்து எடுப்பார். ‘டிக்’ என்று சத்தம் வரும். உடனே அடுத்தவள் முன்னால் வருவாள்.

“பசியையும் எடுத்துருவியளா மேடம்?” என்று கேட்டாள் மெர்சிலின். முதலாண்டு மாணவி, அவளுக்கு இது முதல் மண்டலப் போட்டி.

“பசி இருக்கட்டும். இட்லி திங்கணும்லா? தாகமும் இருக்கட்டும். அடுத்து யாரு, வாங்கம்மா.”

ஜாஸ்பின் மேடம் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். நல்ல மனுஷி. பதினான்கு வருடங்களாகக் கோப்பை வாங்காத கல்லூரிக்கு ஒரு கோப்பை வாங்கித் தரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

வரிசையில் கடைசியாக நின்றவள் ஆவுடைச்செல்வி, அணித்தலைவி. நான்காம் ஆண்டு. இந்த மண்டலப் போட்டியோடு அவளுடைய கல்லூரி ஆட்டம் முடிகிறது.

இந்த ஏற்பாட்டின் பெயர் மெய்ப்பாடு. ஆடுகிறவளுக்கு உண்டாகும் உணர்ச்சி அவள் மனத்தைச் சேர்வதற்குள் கடத்தி அதைத் திருப்பிவிடும். நெற்றியில் உணர்பட்டை கட்டிக்கொண்டு காத்திருக்கும் நேயர்களுக்கு அது போய்ச் சேரும். ஒரே சந்தோஷத்தை இரண்டு பேரும் அனுபவிக்கக் கூடாதா என்று ஆரம்பத்தில் சிலர் கேட்கத்தான் செய்தார்கள். பங்கு வைத்தால் நீர்த்துப்போகும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. உணர்ச்சியோடு சேர்த்து உடல்வலியையும் அனுப்பினார்கள். வலியில்லாத வெற்றி உப்பில்லாத ரசம் மாதிரி இருப்பதாக நேயர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்களாம். பயிற்சியாளர்களும் மறுக்கவில்லை. பயமில்லாத பெண் ஃப்ரீ த்ரோவைத் தவறவிடுவதில்லை. வீராங்கனைகளைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். கல்லூரியில் சேரும் நாளில் கையெழுத்துப் போட்ட பதினேழு படிவங்களில் ஒன்று அதுதான்.

ஆட்டம் முடிந்து அரைமணி நேரம் கழித்துத்தான் மறுபடி ‘டிக்’. அதற்குள் சந்தோஷம் அடங்கிப்போயிருக்கும். எடுத்த டிபன் பாக்ஸைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்த மாதிரி, கொஞ்சம் அலுப்பும் வியர்வை நாற்றமும் மட்டும் மிஞ்சும். பயிற்சி நேரத்திலும் இதே கதைதான், ஏனென்றால் பயிற்சிக்கும் நேயர்கள் இருந்தார்கள். ஆக, பந்தைத் தொட்ட நேரத்தில் தனக்கு என்ன தோன்றும் என்று நான்கு வருடங்களாக ஆவுடைக்குத் தெரியாது.

அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஜெயிக்கும்போது தனக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட வேண்டும். இறுதி ஆட்டத்துக்குப் போவோமோ மாட்டோமோ, யார் கண்டது? இன்றைக்கு விட்டால் பிறகு கிடைக்காது.

இட்லி வந்துகொண்டிருந்தபோது சங்கரன்கோவிலிலிருந்து அம்மா அழைத்தாள்.

“ஏளா, எண்ண தேச்சியா?”

“தேச்சேன்மா.”

“பொய் சொல்லாத. நேத்து பயிற்சியில அந்த இடது முட்டி என்னா வலி வலிச்சிது! எனக்கு மாடிப்படி ஏற முடியல. எண்ணெய நல்லா சூடு பண்ணித் தேயி.”

முதலாண்டு அரையிறுதியில் அந்த முழங்காலில் தசைநார் கிழிந்தது. கிழிந்த காலோடு ஆடித்தான் அன்று ஜெயித்தார்கள். அறுவைச் சிகிச்சையும் ஆயிற்று. ஓய்வாக இருக்கும்போது வலி தெரிவதில்லை. ஆடும்போது வலிப்பது உண்மைதான், ஏனென்றால் அம்மா சொல்கிறாள். அவள் ஆடுகிற ஒவ்வொரு நிமிடத்தையும் பட்டை கட்டிக்கொண்டு வாங்குகிறவள் அம்மா. பெற்ற பிள்ளையின் வலி அம்மாவுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆவுடை பையிலிருந்த எண்ணெய்க் குப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பயத்தையும் மகிழ்ச்சியையும் எடுத்துவிட்ட பிறகு ஆசை எப்படி நின்றது என்று கேட்கலாம். ஆசையும் நிற்கவில்லைதான். ஆனால் முன்தினம் மாலையே அவள் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தாள். கடத்தி உணர்ச்சியைத்தான் பிடுங்கும், முடிவைப் பிடுங்காது. விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: ஐந்து ஃபவுல் செய்து வெளியேறியவர் அந்த ஆட்டத்தின் வீராங்கனை அல்லர், பத்து நொடிக்குள் அவருடைய இணைப்பு துண்டிக்கப்படும். வெளியேற்றப்பட்டவளின் அழுகை யாருக்கு வேண்டும்?

பாளையங்கோட்டை உள்ளரங்கில் மூவாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் நெற்றியிலும் பட்டை, எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். கண்ணைத் திறந்தால் சுவை சிதறிவிடும் என்பது அனுபவசாலிகளின் கருத்து. ஆட்டத்தை உண்மையில் கண்ணால் பார்த்தவை நடுவர் இயந்திரங்கள் இரண்டும்தான்.

எதிரணி துறைமுகக் கல்லூரி. நல்ல அணி. மூன்று கால்பகுதி முடிந்தபோது ஆவுடை பதினெட்டுப் புள்ளி எடுத்திருந்தாள், நான்கு ஃபவுலும் சேர்த்திருந்தாள். ஜாஸ்பின் மேடம் அவளை ஓரமாக அழைத்தார்.

“ஆவுடை, உனக்கு என்னாச்சு? நாலு ஆயிட்டு. இனிமே கைய உள்ள இழுத்து வச்சு ஆடு. நீ வெளிய போயிட்டன்னா மெர்சிலின வச்சு நான் என்ன செய்ய?”

“சரி மேடம்,” என்றாள் ஆவுடை. பொய் சொல்கிறோமே என்ற கூச்சம் உண்டாகியிருக்கும். அது வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது.

மூன்று நிமிடம் மிச்சமிருந்தபோது ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தாறு என்று முன்னால் இருந்தார்கள். எதிரணிப் பெண் கூடையை நோக்கி எழும்பினாள். பந்தைத் தட்டுவதுபோல ஆவுடை அவளுடைய மணிக்கட்டைத் தட்டினாள். விசில். நடுவர் இயந்திரம் கையைத்தான் பார்க்கும், மனத்தைப் பார்க்காது. ஐந்து விரல் காட்டியது. ஜாஸ்பின் மேடம் தலையில் கை வைத்தார். ஆவுடை வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பத்து எண்ணினாள்.

எட்டிலேயே வந்துவிட்டது.

முதலில் வந்தது பயம். வயிற்றில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதுபோல் இருந்தது. அந்தப் பெண் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டாள், ஐம்பத்தெட்டு சமம். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று ஆவுடை துடித்துப்போனாள். தன் ஒருத்தியின் ஆசைக்காகப் பதினோரு பேரின் நான்கு மாத உழைப்பைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். பாவி. துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். காலால் தரையை உதைத்தாள். உதைத்தபோதுதான் கவனித்தாள், இடது முழங்கால் வலிக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள். மடக்கி நீட்டினாள். முப்பத்தேழு நிமிடம் ஓடிய கால், கல்லுமாதிரி இருந்தது. இப்போது அதை யோசிக்க நேரமில்லை.

கடைசி எட்டு நொடி. அறுபத்தொன்றுக்கு அறுபத்திரண்டு என்று பின்னால் இருந்தார்கள். மெர்சிலின் பந்தை வாங்கினாள். இரண்டு பேருக்கு நடுவில் குனிந்து புகுந்து, இடது கையால் பலகையில் அடித்து உள்ளே விட்டாள். மணி அடித்தது.

ஆவுடை குதித்தாள். தான் குதிப்பது அவளுக்கே தெரியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பயமும் குற்றவுணர்வும் இன்னும் போகவில்லை, அவற்றோடு கலந்து, கொஞ்சம் அழுக்காக, கொஞ்சம் அரைகுறையாக, இதுதான் சந்தோஷம் என்று ஒன்று வந்தது. அவள் நினைத்திருந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. ஆனால் அவளுடையது.

ஓடிப்போய் மெர்சிலினைக் கட்டிக்கொண்டாள். “ஏட்டி, ஜெயிச்சிட்டோம்! ஜெயிச்சிட்டோம்ட்டி!”

“ஆமாக்கா,” என்றாள் மெர்சிலின். அவள் முகம் ரேஷன் கடையில் முறை வந்த முகம்போல் இருந்தது. “கொஞ்சம் விடுங்கக்கா, வேர்க்குது.”

மற்றவர்கள் எதிரணியோடு வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அரங்கத்தில் மூவாயிரம் முகங்கள் கண்ணை மூடியபடியே பூரித்துக் கண்ணீர் விட்டன. ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆவுடைக்கு ஒரே ஒருத்தியிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மாவை அழைத்தாள்.

“கண்ணு! என் ராசாத்தி!” அம்மா அழுதுகொண்டிருந்தாள். “அந்தக் கடைசி மணி அடிச்சப்போ உனக்கு வந்துச்சே ஒரு சந்தோசம், அப்பிடியே எனக்கு உச்சந்தலையில ஏறிட்டுளா. முட்டிதான் இன்னிக்கு ரொம்பப் படுத்திட்டு. அந்த வலியோட அந்த சந்தோசம்… ஏ அப்பா!”

“அம்மா, கடைசி மூணு நிமிசம் நான் ஆடவே இல்ல. அஞ்சு ஃபவுல். வெளிய உக்காந்திருந்தேன். நீ பாக்கலியா?”

“ஆட்டத்த யாருளா பாத்தா? கண்ண மூடிட்டுல்லா இருந்தேன்.”

“என் இணைப்ப வெட்டிட்டாங்கம்மா. உனக்கு எதுவும் வந்திருக்காது.”

“வந்துச்சேளா! அஞ்சு நச்சத்திரம் குடுத்திருக்கேன்.”

“முட்டியும் வலிக்கலம்மா. அமுக்கிப் பாத்தேன்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் அம்மா, கொஞ்சம் கோபமாக. “எனக்குல்லா தெரியும்!”

மெய்ப்பாடு நிறுவனத்துக்கும் தெரியும். உணர்ச்சியைக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய பெண்களுக்கு இரண்டாம் ஆண்டில், கடத்தி திறந்திருக்கும்போது உணர்ச்சி ஊறுவது நின்றுவிடுகிறது. கறக்கிற மாட்டுக்குத் தீவனம் போடாவிட்டால் பால் வற்றும். எனவே ஒவ்வொருத்தியின் முதலாண்டில் எது நன்றாக வந்ததோ அதைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, பயிற்சியோ ஆட்டமோ, மணி அடிக்கும்போதெல்லாம் அதையே அனுப்பினார்கள். ஆவுடையின் பெயரில் மூன்று வருடமாகப் போனது, தசைநார் கிழிந்த அன்றைய அரையிறுதி. நேயர்களில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

அரைமணி கழித்து ஜாஸ்பின் மேடம் கையில் ஒரு அறிக்கையோடு வந்தார்.

“நிறுவனத்துலேருந்து வந்திருக்கு. இடது முழங்கால், வலி அளவு பத்துக்கு எட்டு. நாளைக்கு நீ ஆட வேண்டாம்.”

“வலி இல்ல மேடம். இந்தா பாருங்க.” ஆவுடை அந்தக் காலால் மட்டும் நின்று நான்கு முறை குதித்துக் காட்டினாள்.

ஜாஸ்பின் மேடம் காலைப் பார்த்தார். பிறகு அறிக்கையைப் பார்த்தார். “எட்டுன்னு போட்டிருக்கும்மா,” என்றார், உண்மையான கவலையோடு. “நான் உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

மறுநாள் இறுதி ஆட்டம். பதினோரு பெண்கள் வரிசையில் நின்று மகிழ்ச்சியை ஒப்படைத்தார்கள். அணியில் இல்லாததால் ஆவுடை நேயர்களோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். வாசலில் எல்லாருக்கும் கொடுத்ததுபோல் அவளுக்கும் ஒரு பட்டை கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு முதல் பாதியைக் கண்ணால் பார்த்தாள். வயிற்றில் அதே குளிர்ந்த தண்ணீர். அணி ஆறு புள்ளி பின்னால் இருந்தது. அவள் கத்தினாள். பக்கத்தில் இருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து, “கொஞ்சம் சத்தம் போடாதிங்கம்மா, கலையுது,” என்றார்.

இரண்டாம் பாதியில் வெறுமனே பட்டையைக் கட்டிப் பார்த்தாள். பெயர்ப் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. ஆடாதவளின் இணைப்பு திறந்தே கிடந்தது. தொட்டாள். மணி அடிக்கும்வரை ஒரு மெல்லிய படபடப்பு மட்டும் வந்தது. மணி அடித்ததும் அது வந்தது.

பதினெட்டு வயதின் முதல் வெற்றி. முழுதாக, சுத்தமாக, கலப்படமே இல்லாமல், கால்விரல் நுனியிலிருந்து கிளம்பி உச்சந்தலைவரை ஏறியது. நேற்று பெஞ்சில் தனக்கு வந்த அந்த அரைகுறைச் சமாச்சாரத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. இமைக்குள் கண்ணீர் நிறைந்தது. பட்டையில் ‘இன்னொரு தடவை’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அரங்கம் காலியாகத் தொடங்கியிருந்தது. கண்ணைத் திறக்காமலே பக்கத்தில் இருந்தவரிடம், “யாரு ஜெயிச்சா?” என்று கேட்டாள்.

“தெரியலியேம்மா,” என்றார் அவர்.

இடது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டே ஆவுடை பைக்குள் கையை விட்டு எண்ணெய்க் குப்பியைத் தேடினாள்.