பிலிமுக்கு அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி

"அக்கா, ஒரு ஆளு ஏமாத்துக்காரன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டேதான் பவுல்ராஜ் அல்போன்சாவின் அலுவலகத்துக்குள் வந்தார். கையில் ஒரு ஹெல்மெட். முகத்தில், தப்பே செய்யாத மனிதருக்கு மட்டும் வருகிற கோபம்.

திண்டுக்கல்லில் பைக் ஓட்டுபவர்களுக்கான ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை விற்கிற கடை அவருடையது. அல்போன்சா வண்டி விபத்துகளை ஆராய்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை தருபவர். அவசரமே படமாட்டார். அவசரத்தையெல்லாம் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் அவருடைய அக்கா மகன் ரொனால்டு. விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுகிற அபாரமான மூளை அவனுக்கு.

"செம்பட்டிப் பக்கம் பூ வெவசாயி, நல்லுசாமின்னு பேரு. மக வாங்கிக் குடுத்த ஹெல்மெட்டு இது. முன் கண்ணாடி வெடிச்சிருச்சு, வாரண்டியில மாத்திக் குடுங்கன்னு வந்து நிக்கிறாரு. பெட்ரோல் போட்டுத் தொடச்சாத்தான் இப்படி மயிரிழையா வெடிக்கும்னு கம்பெனியே சொல்லிருக்கு. அதுக்கெல்லாம் வாரண்டி கெடையாது. இவரு தொடைக்கவே இல்லைன்னு சாதிக்கிறாரு. நல்லா நாலு வார்த்தை கேட்டு அனுப்பிட்டேன். இப்ப அந்தப் பொண்ணு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேங்குது."

"பொண்ணு முன்னாடியா கேட்டீங்க?"

"கடை நிறைய ஆளு இருந்துச்சு. பொய் சொன்னவருக்கு என்னக்கா மரியாதை?"

அல்போன்சா ஹெல்மெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கண்ணாடியின் இடது பக்கத்தில் மட்டும் வெடிப்புகள் பின்னிக் கிடந்தன. வேடிக்கை என்னவென்றால், புதுப்பொருள் என்பதற்கு அடையாளமாகக் கம்பெனி கண்ணாடிமேல் ஒட்டுகிற மெல்லிய பிலிமை நல்லுசாமி இன்னும் உரிக்கவே இல்லை. வாங்கிய பொருளின் பிளாஸ்டிக்கைப் பிரிக்க மனசு வராத ஆள் போலும்.

"ரொம்பச் சுளுவு சித்தி!" என்று ரொனால்டு துள்ளினான். "பிலிமை உரிச்சு, பெட்ரோலால தொடச்சு, மறுபடி ஒட்டிட்டாரு. பாருங்க, கோணலா இருக்கு!"

"உரிச்சு ஒட்டினது வாஸ்தவந்தான். யாருன்னுதான் தெரியலை" என்ற அல்போன்சா, பிலிமின் ஓரத்தைத் தூக்கி, அடியில் சிக்கியிருந்த ஒரு வெள்ளைப் புள்ளியை நகத்தால் சுரண்டினார். விரலில் வைத்து உருட்டினார். அது குழைந்தது. "வாங்க, உங்க கடையப் பாப்போம்."

கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் மாதா சுரூபம். முன்னால் மெழுகுதிரி. கீழே ஒரு நீளமான பெஞ்சு, மேலே சுழலும் மின்விசிறி. அதைக் காட்டும்போது பவுல்ராஜின் குரலே இளகிவிட்டது.

"புதுச் சரக்கு வந்தா நேரா அலமாரிக்குப் போகாதுக்கா. மொதல்ல மாதா பாதத்துல வரிசையா வைப்பேன். போட்டுக்கிறவுக தலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு செபம் சொல்லிட்டுத்தான் விப்பேன்."

"அந்த பிலிமோடயா வைப்பீங்க?"

"மூடி போட்ட பொருளையா மாதா முன்னாடி வைக்கிறது? உரிச்சிட்டுத்தான் வைப்பேன். அப்புறம் ஒட்டிருவேன். பிலிம் இல்லாட்டி, பழசான்னு கேப்பாக."

சொல்லி முடித்தபிறகும் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. விற்பனையாளர் இனிகோதான் திடீரென்று கையுறைகளை அடுக்கத் தொடங்கினார். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

அல்போன்சா பெஞ்சைத் தடவிப் பார்த்தார். இடது ஓரத்தில் மெழுகுத் துளிகள் உறைந்திருந்தன. "நல்லுசாமி இப்ப எங்க இருப்பாரு?"

பூ மார்க்கெட்டில்தான் இருந்தார். போன் செய்ததும் வந்துவிட்டார். ஆனால் உள்ளே வரவில்லை. செருப்போடு வாசலிலேயே நின்று, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். கடையில் ஜாக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, அவர் தலை இன்னும் கீழே போனது.

"ரொனால்டு, இதே சரக்குல விக்காத ஹெல்மெட் இருந்தா எடு."

அவன் ஓடிப்போய், வெயில் படுகிற காட்சி அலமாரியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தான். அல்போன்சா பிலிமை உரித்தார். இடது பக்கம் அதே வெடிப்பு.

"இது யாரு தலைக்கும் போகலை. இதை எந்த வெவசாயி பெட்ரோல் போட்டுத் தொடச்சாரு?"

பவுல்ராஜ் இரண்டு ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஃபேன் காத்துல சுடர் சாஞ்சு, மெழுகு இந்த ஓரத்துல இருந்த ஹெல்மெட்டுங்க மேல சொட்டியிருக்கு. கண்ணாடி பளிச்சுன்னு இருக்கணுமே! எதை வச்சுத் துடைச்சீங்க?"

"ஸ்டிக்கர் பசை எடுக்குற தின்னர்..." குரல் பாதியில் தேய்ந்தது. "பெட்ரோல்னுதானேக்கா கம்பெனிக்காரன் சொன்னான்..."

"தின்னர் அதைவிட மோசம். தொடச்ச அன்னைக்குப் பளபளன்னுதான் இருக்கும். வெயில் பட்டு, நாள்பட்டுத்தான் வெடிப்பு தெரியும். தொடச்சதுல ஒரு துளி மெழுகு தப்பிச்சு பிலிமுக்கு அடியில ஒளிஞ்சிருச்சு. பவுல்ராஜ், வாரண்டின்னு வந்தா மொதல்ல பொருளைப் பாக்கணும். நீங்க அவரு வேட்டியப் பாத்தீங்க."

இனிகோ நிமிராமலே பேசினார். "முதலாளி தொடச்சதை நான் பாத்தேன்க்கா. அன்னைக்கு இவரைத் திட்டும்போதே ஞாபகம் வந்துச்சு. சொன்னா வேலை போயிருமோன்னு வாய மூடிக்கிட்டேன். வெக்கமா இருக்கு."

ரொனால்டு தன் கண்டுபிடிப்பை நினைத்துக் காதுவரை சிவந்தான். மாதா பக்கம் பார்க்க பவுல்ராஜுக்குக் கூசியது. தலைகளைக் காக்கச் சொல்லி வேண்டிக்கொண்ட அதே கையால்தான் கண்ணாடியைக் கெடுத்திருந்தார். புது ஹெல்மெட் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. நீங்க தொடைக்கலை. நான்தான் தொடச்சேன்."

நல்லுசாமி ஹெல்மெட்டைத் தொடவில்லை.

"நெசமாவே நான் தொடைக்கலையா?" என்று கேட்டார். "விடியமுன்ன பூ ஏத்திட்டு வாரப்ப, எதிர் வண்டி வெளிச்சம் வெடிப்புல பட்டுச் செதறும். விழுந்துருவேனோன்னு பயந்துதான் இங்க வந்தேன். திரும்பிப் போறப்ப எம்மக கேட்டுச்சு, 'உண்மையச் சொல்லுப்பா, மறந்து தொடச்சிருப்பியா'ன்னு. எனக்காகக் கோர்ட்டுக்குப் போறேங்குது, ஆனா எம்மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குது. இம்புட்டுப் பேரு சொல்றாகளேன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார்."

பவுல்ராஜுக்குக் கண் கலங்கியது. நல்லுசாமி போனை எடுத்து, மகளை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினார். "எங்கிட்டச் சொன்னது போதும். கீர்த்தனாகிட்டச் சொல்லுங்க."

"அம்மா... நான் ஹெல்மெட் கடைக்காரன் பேசுறேன். உங்கப்பா பொய் சொல்லலைம்மா. தப்பு என்னோடது." அது பக்கத்தில் நின்ற ரொனால்டுக்கே சரியாகக் கேட்கவில்லை.



"சார்," என்றாள் கீர்த்தனா, "அன்னைக்கு எங்கப்பாவத் திட்டினீங்களே, அம்புட்டுச் சத்தமாச் சொல்லுங்க."

பவுல்ராஜ் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். அதற்குப் பிறகுதான் நல்லுசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார்.