உஷ்! அம்மா நடக்கிறாள்

இன்று ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதுதான் நிபந்தனை.

"ஒரு வார்த்தைகூடவா?" என்று கேட்டாள் வாலு.

"அரை வார்த்தைகூட," என்றார் டீச்சர்.

"தும்மல் வந்தா?"

"முழுங்கிடு."

"விக்கல் வந்தா?"

"வீட்லயே இருந்துடு."

வாலு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா சிரித்தாள். "நான் வழி கண்டுபிடிக்கிறது என்ன பெரிசு டீச்சர்? இவ வாயை மூடிட்டு வந்தா அதுதான் அதிசயம்."

டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. பார்வை போனவர்களுக்கு உதவும் மையத்தில் வேலை பார்ப்பவர். நடக்கச் சொல்லித் தருவது அவர் வேலை.

அம்மாவுக்கு நடக்கத் தெரியாதா என்ன? தெரியும். பார்க்காமல் நடக்கத்தான் தெரியாது.

அம்மாவின் பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. கதவு மெல்லச் சாத்திக்கொள்வதைப் போல. கடைசியில் வெளிச்சம், இருட்டு இரண்டு மட்டும் மிஞ்சின. அதுவரை அம்மா ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நாள் மையத்திலிருந்து டீச்சர் வந்தார். அவர் போட்டிருந்த செருப்பு சத்தமே போடவில்லை. வந்ததும் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு ஒரு டீ கிடைக்குமா?"

வாலுவுக்குக் கோபம் வந்தது. கண் தெரியாத அம்மாவிடம் போய் டீ கேட்கிறாரே!

"நான் போடறேன்," என்றாள்.

"உன்னைக் கேக்கலயே," என்றார் டீச்சர்.

அம்மா தட்டுத் தடுமாறி டீ போட்டாள். கோப்பையில் ஊற்றும்போது அளவு பார்க்க விரலை உள்ளே விடப் போனாள். டீச்சர் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். "விரலை வைக்காதீங்க, சுடும். காதைக் குடுங்க."

அம்மா ஊற்றினாள். கோப்பை முதலில் தடித்த குரலில் பேசியது. டீ ஏற ஏறக் குரல் மெலிந்தது. மெலிந்து, மெலிந்து, கீச்சென்று வந்ததும் அம்மா நிறுத்தினாள். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே டீ நின்றது.

வாலு பிறந்ததிலிருந்து டீ ஊற்றுவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அதன் பிறகு வெள்ளைக் கோல் வந்தது. அம்மா வீட்டுக்குள் நடந்தாள். வாசலில் நடந்தாள். டீச்சரோடு தெருத்தெருவாக நடந்தாள். இன்று தனியாக நடக்க வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ரொட்டிக் கடை முதலாளி காலையில்தான் போன் செய்திருந்தார்.

"மாவு பிசையக் கண்ணு எதுக்கும்மா? கை போதும். உன் கை மாதிரி இன்னும் யாருக்கும் வரல. ஆனா ஆள் இல்லாம தவிக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள வரேன், வரலன்னு சொல்லிடு. இல்லன்னா வேற ஆள் போட்டுக்கறேன்."

அம்மா யோசித்துவிட்டு டீச்சரிடம் சொன்னாள். "தனியா போக வர முடிஞ்சா வேலைக்குப் போவேன். யார் கையையாவது பிடிச்சிக்கிட்டுப் போறதா இருந்தா வேண்டாம். இன்னைக்கே எனக்குப் பரீட்சை வைங்க."

மையத்தின் வண்டி ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. வேண்டுமென்றே சுற்றியது. பிறகு ஒரு நீளமான மதில் ஓரமாக நின்றது. எந்த இடம் என்று டீச்சர் சொல்லவில்லை.

"இங்கேருந்து நீங்களா மையத்துக்கு வரணும். யாரையும் வழி கேக்கக் கூடாது. நான் பின்னால வருவேன். ஆபத்துன்னா மட்டும் உங்களைத் தொடுவேன். தொட்டா பரீட்சை முடிஞ்சுது."

"சரி," என்றாள் அம்மா.

வாலுவுக்கு அந்த இடம் தெரியும். மூலையில் பெயர்ப்பலகைகூட இருந்தது. வலது பக்கம் போக வேண்டும். வலது! வலது! வார்த்தை தொண்டைவரை வந்து முட்டியது. வாலு அதைத் தும்மலைப் போல விழுங்கினாள்.

அம்மா அசையாமல் நின்றாள். வெயில் எந்தக் கன்னத்தில் படுகிறது என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு பேருந்து மூச்சுவிட்டுக் கதவைத் திறந்தது. அம்மா தலையசைத்தாள். பிறகு வலது பக்கம் திரும்பினாள்.

டக், டக் என்று கோல் முன்னால் போனது.

மதில் முடிந்த இடத்தில் கோல் தட்டுவதற்கு முன்பே அம்மா நின்றாள். மதில் இல்லாததை எப்படிக் கண்டுபிடித்தாள்? வாலு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தன் காதை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். மதிலில் பட்டுத் திரும்பி வந்த கோல் சத்தம் அங்கே திரும்பி வரவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பைக்காரர் வரும்வரை.

இரண்டு தோளிலும் இரண்டு பைகளோடு வந்தார் அவர். அம்மாவைப் பார்த்தார். "அடடா!" என்றார். அம்மாவின் கையைக் கப்பென்று பிடித்தார்.

"ஐயா, நான் இந்தப் பக்கம்தான்..."

"பயப்படாதம்மா, நான் இருக்கேன்!"

தரதரவென்று இழுத்துக்கொண்டு பெரிய சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் விட்டார். "புண்ணியமாப் போச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடையைக் கட்டினார்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். வாலுவிடம் "நீ இங்கயே நில்லு," என்று சைகை காட்டிவிட்டு அம்மாவின் பின்னால் சாலையைக் கடந்து போனார்.

இப்போது அம்மா அந்தப் பக்கம். வாலு இந்தப் பக்கம். அம்மா போக வேண்டிய பட்டறைத் தெருவின் முனையில் வாலு நின்றாள். சாலையில் வண்டிகள் ஓயவில்லை. அம்மா காதைக் கொடுத்துப் பொறுமையாக நின்றாள்.

வாலுவுக்குப் பொறுமை இல்லை. இந்தத் தெருவில் எத்தனை பைக்காரர்கள் இருக்கிறார்களோ? தையற்கடைக்காரர் நல்லவர். தச்சர் அதைவிட நல்லவர். சைக்கிள் கடைக்காரர் எல்லோரையும்விட நல்லவர். மூன்று பேரும் சேர்ந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டே போய்விடுவார்கள்!

வாலு தையற்கடைக்கு ஓடினாள். அம்மாவுக்குக் கேட்காத பேச்சு பேச்சே இல்லை என்று நினைத்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"எங்கம்மா பரீட்சை எழுதறாங்க. யாரும் உதவி பண்ணாதீங்க. பேசாதீங்க. உஷ்!"

"பரீட்சையா?" தையற்காரரும் கிசுகிசுத்தார். "பேப்பர் எங்க?"

"இந்தத் தெருதான் பேப்பர்."

பரீட்சை என்றால் என்னவென்று எல்லா வீட்டிலும் தெரியும். தையற்காரர் மிதிப்பதை நிறுத்தினார். தச்சர் மரம் அறுக்கும் இயந்திரத்தை அணைத்தார். சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தன் வாயையும் ஒரு துணியால் மூடிக்கொண்டார். செய்தி கடை கடையாகப் போனது. தகரம் தட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார். யாரோ ஒருவருடைய போன் அலறப் பார்த்தது. அதை அவர் கோழியை அமுக்குவது போல அமுக்கினார்.

தெரு பரீட்சை அறையைப் போல ஆகிவிட்டது. வாலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா சாலையைத் தானே கடந்து வந்தாள். கடைக்காரர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. டீச்சர் பின்னால் வந்தார்.

அம்மா பட்டறைத் தெருவுக்குள் இரண்டடி வைத்தாள். நின்றாள்.

இன்னும் ஓரடி வைத்தாள். மறுபடி நின்றாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள். அந்தப் பக்கம் சாய்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"இது இல்ல," என்று முணுமுணுத்தாள். திரும்பி வெளியே நடந்தாள்.

வாலு திகைத்தாள். இதுதான்! இதேதான்! அம்மா ஏன் போகிறாள்?

அம்மா அடுத்த சந்தின் பக்கம் போனாள். அங்கே குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். டீச்சர் அவளை நெருங்கினார். அவர் கை உயரத் தயாராக இருந்தது. தொட்டால் பரீட்சை முடிந்தது. ரொட்டிக் கடையும் முடிந்தது.

டீச்சர் பட்டறைத் தெருவைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம். தெருவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது போல, காதைத் தொட்டுக் கையை விரித்தார்.

வாலு கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

இருட்டு. அந்த இருட்டில் தையற்கடை இல்லை. மரக்கடை இல்லை. ஒன்றுமே இல்லை. தெருவையே காணோம்.

வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவை மறைத்தது யார்? அவளேதான்!

குதிகால் பிடரியில் படத் தையற்கடைக்குப் பறந்தாள்.

"தைங்க! தைங்க!"

"இப்பத்தானே நிறுத்தச் சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். சீக்கிரம் தைங்க!"

"எதை?"

"எதையாவது!"

தையற்காரர் கையில் கிடைத்த துணியை ஊசிக்குக் கீழே தள்ளி மிதித்தார். கடகடவென்று இயந்திரம் ஓடியது. அது அவருடைய சட்டை முனை என்பதைப் பிறகுதான் பார்த்தார்.

வாலு அதற்குள் மரக்கடையில் நின்றாள்.

"எப்பவும் போல அறுக்கணுமா, கொஞ்சம் பலமாவா?" என்று கேட்டார் தச்சர்.

"எப்பவும் போல. அம்மாவுக்காக எதுவும் கூடப் பண்ண வேண்டாம். குறைக்கவும் வேண்டாம்."

மரம் அறுக்கும் வாள் கீச்சிட்டது. மோட்டார் புஸ்ஸென்று மூச்சு விட்டது. சுத்தியல் தகரத்தில் இறங்கியது. அமுக்கி வைத்திருந்த போன்கூட ஒரு தரம் கூவியது.

பள்ளத்துக்கு முன்னால் அம்மாவின் கால் நின்றது. கோல் அந்தரத்தில் நின்றது.

அம்மா மெல்லத் திரும்பினாள். அவள் நெற்றியின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. தெரிந்தவரை எதிரில் பார்த்தது போல அவள் முகம் மலர்ந்தது.

டீச்சரின் கை கீழே இறங்கியது.

அம்மா வந்தாள். தையல் இயந்திரத்தின் சத்தத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டாள். நடைபாதையில் யாரோ சாய்த்து வைத்திருந்த ஏணியைக் கோல் தொட்டது. அம்மா ஏணியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வாளின் சத்தம் நெருங்கி, பக்கத்தில் வந்து, பின்னால் போனது. அது பின்னால் போனதும் அம்மா மையத்தின் பக்கம் திரும்பினாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

தச்சர் அறுத்துக்கொண்டே பார்த்தார். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடை வாசலுக்கு வந்தார்கள். யாரும் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை. வாலு மறுபடியும் கண்களை மூடிக்கொண்டாள். இப்போது தெரு முழுக்க இருந்தது. அகலம் இருந்தது. நீளம் இருந்தது. கடைகளுக்கு நடுவே இருந்த சந்துகூட, சத்தம் இல்லாத ஒரு துண்டாக, அதன் இடத்தில் இருந்தது. அதன் ஊடே டக், டக் என்று அம்மா போய்க்கொண்டிருந்தாள்.

மையத்தின் இரும்புக் கதவில் கோல் மோதியது. அம்மா கதவைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வந்துட்டேனா?"

"வந்துட்டீங்க," என்றார் டீச்சர்.

"நடுவுல அந்தத் தெரு எங்க போச்சு டீச்சர்? அப்படியே மாயமாயிடுச்சே!"

டீச்சர் வாலுவைப் பார்த்தார். "இப்பப் பேசலாம்."

வாலு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். உஷ் சொன்னது, நிறுத்தியது, மறுபடி ஓட்டச் சொன்னது, தைத்துப்போன சட்டை. கடைசியில் பயந்துகொண்டே கேட்டாள். "நான் உதவி பண்ணிட்டேனா? அம்மா ஃபெயிலா?"

டீச்சர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"நீ பேப்பரைப் பிடுங்கின. அப்புறம் திருப்பிக் குடுத்துட்ட. பதில் எழுதினது உங்கம்மாதான்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் போனை எடுத்து ரொட்டிக் கடைக்குப் பேசினாள்.

"நான் வரேன் முதலாளி."

"கூட யாரும்மா வருவா?"

"யாரும் வரமாட்டாங்க. நாளைக்குக் காலையில கடைக் கதவைத் திறந்து வைங்க."

போனை வைத்த பிறகும் அம்மா உள்ளே போகவில்லை. தெருவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இன்னொரு தடவை நடந்துட்டு வரட்டுமா?"

"எதுக்கு? அதான் பாஸாயிட்டீங்களே."

"பரீட்சைக்கு இல்ல. நல்லா இருந்துச்சு."

"நானும் வரேன்," என்றாள் வாலு. அம்மாவின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு கண்களை மூடினாள்.

"இடிச்சுக்கப் போற," என்றாள் அம்மா.

"நீதான் கூட்டிட்டுப் போறியே."

இருவரும் பட்டறைத் தெருவுக்குள் நுழைந்தார்கள். வாள் பாடியது. சுத்தியல் தாளம் போட்டது. தெருக்கோடிவரை வாலு கண்ணைத் திறக்கவே இல்லை.