ஒரே மேசையில் உட்கார்ந்தால்

ஆட்டோவிலிருந்து இறங்கிய ஹெலினா, பைகள் இரண்டையும் கேட்டோரம் வைத்துவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"இதாண்ணே வீடு? நல்லாத்தான இருக்கு. என்னமோ பொந்து மாதிரி சொன்ன?"

கிறிஸ்துதாஸ் பைகளைத் தூக்கிக்கொண்டான். தங்கைக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்திருந்தது, மறுநாள் போய்ச் சேர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்தவளுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கள்ளிக்குப்பத்தில் அந்த மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது.

கீழ்வீட்டு ஞானகுமாரி அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரி அவள்தான். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"இன்னா கிறிஸ்து, தங்கச்சியா? ஸ்தோத்திரம்மா, நல்லா கீறியா?" என்றவள், அவன் படியேறும்போது குரலை ஏற்றினாள். "யப்பா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கெழமையானா மத்தியானத்துல சுவத்தைத் தட்டிகினே கீறியே, இன்னாத்துக்கு? ஆணி அடிக்கிறியா? செத்த நேரம் கண்ண மூட முடியல."

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கிறிஸ்துதாஸ் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. காலையிலேயே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஆவடி, பூந்தமல்லி, குமணன்சாவடி என்று நாய் மாதிரி சுற்றிவிட்டு, இருட்டின பிறகுதான் திரும்புவான்.

"இனிமே தட்டலக்கா," என்றான். வேறு என்ன சொல்லுவான், பாவி?

மாடியில் இரண்டு படுக்கையறைகள், நடுவே ஒரே ஒரு சுவர். வலது பக்கம் கிறிஸ்துதாஸின் அறை. இடது பக்கம் யூஜின் இருந்த அறை. அந்தக் கதவை அன்று காலைதான் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெருக்கிவிட்டு ஓடி வந்திருந்தான். யூஜின் வேலை மாறிப் போய்விட்டதாகத்தான் தங்கையிடம் சொல்லி வைத்திருந்தான்.

நியாயமாகப் பார்த்தால் தன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு இவன் அங்கே போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டு மணிக்கு இவனுக்கு ஆட்டம் இருந்தது. அந்த அறையில் ஐந்து நிமிஷம் உட்கார இவனுக்குத் தைரியம் கிடையாது. தான் பயப்படும் இடத்தில் தங்கையைப் படுக்கச் சொன்னான். பயந்தாங்கொள்ளிகள் செய்கிற வேலை இதுதான்.

சாப்பிட்டதும் ஹெலினா கொட்டாவி விட்டாள்.

"ஏட்டி, போய்ப் படு. அப்படியே என் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிய உன் ரூம்ல சார்ஜ் போட்டுரு. ஹால் பிளக்கு கருகிப் போச்சு, என் ரூம்ல லேப்டாப் ஓடும்."

"ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் வேலையாண்ணே?"

"ஆமா. நாலு மணி வரைக்கும் என்னைக் கூப்பிடாத."

அவள் பேட்டரியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

என்ன ஆட்டம், யார் யூஜின் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் ஆடுகிற போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு வரும். சீட்டு வருவதற்கு முன்பே, முறை வைத்து, இரண்டு பேர் கட்டாயமாகச் சிப்ஸ் வைத்தாக வேண்டும். தின்கிற சிப்ஸ் இல்லை. ஆட்டத்தில் உங்கள் உயிரே அந்த வட்ட வில்லைகள்தான், தீர்ந்தால் வெளியே போக வேண்டும். யாராவது எழுந்து போய்விட்டால் அவர் பெயரின்மேல் 'ஆள் இல்லை' என்று காட்டும். ஆனாலும் கம்ப்யூட்டர் விடாது. அவர் முறை வந்தால் சிப்ஸை வைத்துவிட்டு, சீட்டைத் தானாகவே மடக்கி, அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். மிரட்டலாக ஒரு பந்தயம் கட்டினால் போதும், ஆளில்லாத இருக்கையின் சிப்ஸ் இவர்கள் மடியில் விழும். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

கிறிஸ்துதாஸும் யூஜினும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆடியவர்கள். யூஜின் நேர்மையான ஆள். இரண்டு பேரும் ஒரே மேசையில் வந்து விழுந்தால் ரகசியமாகச் சீட்டைச் சொல்லிக்கொள்ளலாம், கேட்பார் கிடையாது. அது கூடாது என்று அவன்தான் சட்டம் போட்டான். "ஒரே டேபிள்ல உக்காந்தா நீ யாரோ, நான் யாரோ. கதவைச் சாத்திரணும். பேசக்கூடாது, போன் கூடாது, சுவத்தைத் தட்டக்கூடாது."

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் ஒரே மேசை. முதல் ஒன்பது பேருக்கு மே மாதம் நடக்கும் கடைசிச் சுற்றுக்கு டிக்கெட். கிறிஸ்துதாஸ் தோற்கும் நிலையில் இருந்தான். யூஜினிடம் சிப்ஸ் மலையாகக் குவிந்திருந்தது. அப்போது யூஜின் பெயரின்மேல் 'ஆள் இல்லை' என்று வந்தது.

சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு.

இவனுக்குக் கோபம்தான் வந்தது. சட்டம் போட்டவனே ஜாடை காட்டுகிறானே! காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யூஜினின் சிப்ஸை எடுக்க ஆரம்பித்தான். நாற்பது நிமிஷம் எடுத்தான். டிக்கெட் வாங்கினான். சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தால், யூஜின் கட்டிலில் சரிந்து கிடந்தான். கை சுவரைத் தொட்டபடி இருந்தது. இருபத்தொன்பது வயது. மாரடைப்பு. அரை மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல டாக்டர்," என்றான் கிறிஸ்துதாஸ். யூஜினின் அம்மாவிடமும் அதையேதான் சொன்னான். தட்டியதைக் கேட்டது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் நடந்திருந்தது. எடுத்தது போக மிச்சமிருந்த சிப்ஸே போதும் என்று, செத்தவனுக்கும் கம்ப்யூட்டர் ஒரு டிக்கெட் கொடுத்துவிட்டது.

இரண்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. கடைசிச் சுற்று. ஜெயித்தால் கோவாவில் நடக்கும் பெரிய போட்டியில் இடம். இனி ஆடவே மாட்டேன் என்று மாதாவின் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவன்தான். டிக்கெட் வீணாகப் போகுதே என்று மனசு அரித்ததில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் சீட்டே வரவில்லை. சிப்ஸ் கரைந்துகொண்டே போனது. ஆட்கள் குறையக் குறைய மேசையை மாற்றுவார்கள். அப்படி இவனையும் மாற்றினார்கள். புது மேசை விரிந்தது. இடப்பக்கத்து இருக்கையில் ஒரு பெயர்.

குட்டிச்சுறா. யூஜின் ஆட்டத்துக்கு வைத்துக்கொண்ட பெயர்.

மேலே 'ஆள் இல்லை'.

கம்ப்யூட்டருக்குச் சாவு தெரியாது, டிக்கெட் இருக்கிறது, அதனால் உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இங்கே வெயில் அடிக்கிறது, கீழே டிவி ஓடுகிறது. பேயாவது, பிசாசாவது!

கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. ஆளில்லாத இருக்கை பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பந்தயம் கட்டினான். குட்டிச்சுறாவின் சிப்ஸ் இவனிடம் வந்தது. அடுத்த சுற்றிலும் கட்டினான். மறுபடியும் வந்தது.

டொக். டொக். டொக்.

சுவர்.

காது தவறாகக் கேட்டிருக்கும். கீழே ஞானகுமாரி ஏதாவது இடித்திருப்பாள்.

டொக். டொக். டொக்.

இவன் கட்டிலுக்கு மேலே, அன்று யூஜின் தட்டிய அதே இடம்.

திரையைப் பார்த்தான். குட்டிச்சுறாவின் மேலே இருந்த 'ஆள் இல்லை' காணாமல் போயிருந்தது.

பெயரைச் சுற்றிப் பச்சை வளையம் எரிந்தது. ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். ஆளில்லாத இருக்கை கண்ணிமைக்கும் நேரத்தில் சீட்டை மடக்கும். இது மடக்கவில்லை. யோசித்தது. பத்து விநாடி, பதினொரு விநாடி, பிறகு நிதானமாக மடக்கியது. யூஜின் அப்படித்தான் யோசிப்பான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இவனை நடுங்க வைத்தது. இவன் கட்டினால் அது மடக்கியது. இவன் கட்டாவிட்டால் அதுவே கட்டிவிட்டு, பாதியில் மடக்கி விட்டுக்கொடுத்தது. மொத்தக் குவியலும் கொஞ்சம் கொஞ்சமாக இவன் பக்கம் நகர்ந்தது. எடுத்துக்கோடா, எடுத்துக்கோ என்று ஊட்டிவிடுகிற மாதிரி இருந்தது.

சுவரில் சத்தம் நிற்கவில்லை. இப்போது மூன்று மூன்றாகக்கூட இல்லை. தாறுமாறாக, உள்ளங்கையால் அறைவதுபோல் கேட்டது.

"யூஜினு, விட்ருடா. தெரியாம பண்ணிட்டேன்டா, விட்ருடா," என்று முணுமுணுத்தான். ஓடிவிடலாம் என்றால், வாசலுக்குப் போக அந்த அறைக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹெட்போனை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டான்.

ஆமாம். மறுபடியும்.

அடுத்த சீட்டு வந்தது. இரண்டு ஏஸ். அதற்கு மேல் சீட்டே கிடையாது.

குட்டிச்சுறா தன்னிடம் இருந்த மொத்த சிப்ஸையும் நடுவில் தள்ளியது.

ஒப்புக்கொள்ள முப்பது விநாடி. ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஆட்டமே இவன் கையில். விரல் பொத்தானுக்குப் போனது. இருபத்தெட்டு. இருபத்தேழு.

என்னவோ கருகுகிற நாற்றம்.

இருபத்தைந்து. பிளாஸ்டிக் எரிகிற மாதிரி, தொண்டையைக் கமறவைக்கும் நாற்றம். கதவுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஊர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றினான். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டல் மிக மெதுவாகக் கேட்டது. ஒன்று. அப்புறம் நெடுநேரம் கழித்து, இன்னொன்று.

"அண்ணே..."

ஐயோ!

பேட்டரி!

எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், கால் தயங்கியது. உள்ளே யார் இருப்பார்கள் என்ற பயம். பிறகு, "ஹெலி! ஏட்டி ஹெலி!" என்று கத்திக்கொண்டு தோளால் இடித்தான். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

கரும்புகை முகத்தில் அறைந்தது. மூலையில் பேட்டரி சீறிக்கொண்டு எரிந்தது. ஒன்றும் தெரியவில்லை. கையால் துழாவிக்கொண்டே கட்டிலுக்குப் போனான். சுவரோரம் சரிந்து கிடந்தாள். வாரித் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான். கீழே ஞானகுமாரி, "யேசப்பா, யேசப்பா!" என்று அலறியபடி மெயின் சுவிட்சை அணைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மணலும் தண்ணீருமாக மாடிக்கு ஓடினார்கள்.

ஹெலினா மூச்சு விட்டாள். இருமினாள். அந்த இருமல் சத்தத்தைக் கேட்டதும் கிறிஸ்துதாஸ் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அவளைப் படுக்க வைத்து மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். பக்கவாட்டில் இருந்த பெஞ்சில் கிறிஸ்துதாஸ் உட்கார்ந்தான். உள்ளே இருந்த ஊழியர் அவள் நாடியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பயமில்ல சார், நேரத்துக்குத் தூக்கினீங்க," என்று சொல்லி, டிரைவருக்கு வழி சொல்ல முன்பக்கம் நகர்ந்தார். வண்டி கிளம்பியது.

ஹெலினா முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். குரல் கரகரத்தது.

"நான் எவ்வளவு நேரம் தட்டினேன் தெரியுமாண்ணே."

"தெரியும்மா. பேசாத. என்னை மன்னிச்சிரு."

"தாழ்ப்பாள் எங்க இருக்குன்னே தெரியல. சுவத்தைத்தான் தட்டினேன். பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரு."

கிறிஸ்துதாஸ் அவளையே பார்த்தான்.

"'தட்டாதம்மா, அவன் வரமாட்டான்'னு சொன்னாரு. 'நானும் தட்டிப் பாத்தேன். அவனுக்குக் கேக்கும், ஆனா வரமாட்டான்'னாரு." அவள் மூச்சு வாங்கினாள். "நீ கதவை உடைச்சதும் அவருக்கே ஆச்சரியமாப் போச்சு. யாருண்ணே அவரு?"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஹெலினாவின் கண்கள் அவன் முகத்திலிருந்து நகர்ந்து, அவன் தோளுக்கு மேலே, யாருமில்லாத வெறும் இடத்தில் நிலைத்தன.

"கொஞ்சம் தள்ளி உக்காருண்ணே," என்றாள். "பாவம், அவரு நின்னுக்கிட்டே வாராரு."