தவிட்டு ஒத்தடம்

அந்த வாடை மறுபடியும் வந்தது. மழையில் நனைந்து முளைவிட்ட நெல் மூட்டையைப் பிரித்தால் மூக்கில் ஏறுமே, அதே பூசண வாடை.

ரத்தப் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்த ஏழு வயது மகள் பரிதி படுத்திருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது. எழில்மொழி பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரையெல்லாம் தேய்த்திருந்தாள், வாய்க்கால் பக்கத்து ஜன்னலை அடைத்திருந்தாள், நெல் மூட்டைகளை மாட்டுக்கொட்டகைக்குத் தள்ளியிருந்தாள். தஞ்சாவூர் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இவ உடம்புல இப்ப எதிர்ப்பு சக்தியே இல்லம்மா. பூசணத் தூசி மூச்சுல போனா நுரையீரலோட நிக்காது. முதுகெலும்புல போய் உக்காந்துடும்."

முதுகு வலிக்கிறது என்று பரிதி சொல்லத் தொடங்கி இருபது நாளாகிறது. படுத்தே கிடக்கிற பிள்ளைக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் நினைத்தாள், பாவி. ஆனால் நாலைந்து நாளாக வலி கூடிக்கொண்டே போகிறது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போய்விட வேண்டும்.

"அம்மா, ஒத்தடம் வைம்மா." குப்புறப் படுத்திருந்த பரிதி முனகினாள்.

"இதோ வந்துட்டேன்டா தங்கம்."

வேளாவேளைக்குச் செய்வதுபோல், அடுக்களை ஆணியில் தொங்கிய தவிட்டு முடிச்சை எடுத்துத் தண்ணீர் தெளித்து, காய்ந்த தோசைக்கல்லில் புரட்டி, கை தாங்காத சூட்டோடு துணியில் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுக்களையில் வாடை அடித்தது. கூடத்திலும் அடித்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னும் கனமாக அடித்தது. அவள் நின்றாள். வாடையும் நின்றது.

வாடை அவளோடுதான் நடந்து வந்திருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தாள். கொள்முதல் நிலையத்தில் நனைந்து திரும்பி வந்த சொந்த நெல்லின் தவிடு. உள்ளே கட்டிகட்டியாக. பச்சையாக. ரோமம் முளைத்ததுபோல். புகையாய்த் தூசி எழுந்து பிள்ளையின் மொட்டைத் தலைமேல் இறங்கியது.

இருபது நாள். தினம் மூன்று வேளை. இந்தக் கையால்.

முடிச்சைத் தூர வீச வெடுக்கென்று திரும்பினாள். முடிச்சு நழுவியது. கொதிக்கும் தவிடு பரிதியின் இரண்டு கெண்டைக்காலிலும் கொட்டியது.

பிள்ளை அலறவில்லை. காலை இழுக்கவில்லை. தோல் சிவந்தது. கொப்புளம் எழும்பியது.

"அம்மா," என்றாள் பரிதி தலையணைக்குள்ளிருந்து, "இன்னும் சூடாகலையா?"